குடைப் பாட்டில் என் பெயர்

சென்ற பத்தாண்டில் வந்த பாட்டுகளிலேயே மறக்க முடியாத பாட்டு எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். என் பெயர் வருகிற பாட்டுதான். இதில் சுயநலம் ஏதும் இல்லை. அந்தப் பத்தாண்டில் வந்த அத்தனை பாட்டுகளையும் நடுநிலையோடு கேட்டுப் பார்த்துவிட்டேன். மற்றவற்றில் என் பெயர் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

பாட்டின் பெயர் ‘நீ மறந்துபோன குடை’. பாடியவர் லிசாந்த்ரோ. காதலி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். குடை மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறது. காதலன் அந்தக் குடையைக் கட்டிக்கொண்டு இரண்டு சரணம் அழுகிறான். இரண்டாவது சரணம் முடிந்து அக்கார்டியன் கொஞ்சம் மூச்சு வாங்குகிற இடத்தில் லிசாந்த்ரோ குரலை உயர்த்தி, “அனிபால் மிந்தியோலா! வயேதுபாரின் மாட்டு வைத்தியச் சிங்கம்!” என்கிறார்.

அது நான்.

வயேதுபார் எங்கள் ஊர். சிங்கம் என்பது அவராகச் சேர்த்தது. வைத்தியம் என்பதும் கொஞ்சம் கூடுதல்தான். நான் மாட்டு மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். ஒரு நாள் லிசாந்த்ரோ கோஷ்டியின் அக்கார்டியன்காரருடைய மாமாவின் காளைக்கு வயிறு உப்பிக்கொண்டது. நான் ஒரு புட்டி கொடுத்தேன். காளை பிழைத்தது. மாமா கண் கலங்கி, “உனக்கு ஒரு கன்றுக்குட்டி தரேன்” என்றார். “கன்றுக்குட்டி வேண்டாம், பாட்டில் ஒரு பெயர் போதும்” என்றேன் நான். என் மனைவி யோலிமா அந்தக் கன்றுக்குட்டியை இன்றுவரை மறக்கவில்லை. அதைப் பார்த்ததுகூட இல்லை அவள். ஆனால் அது இப்போது எத்தனை கன்று போட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்ப் பாட்டில் நடுவே பெயர் சொல்லி வணக்கம் வைப்பது வழக்கம். அதில் இரண்டு தினுசு. விருந்துகளில் நேரில் பாடும்போது எதிரே இருப்பவர் பெயரைச் சொல்வார்கள். பெரும்பாலும் கறி போட்டவர் பெயர்தான். அது இலையை எடுப்பதற்குள் காற்றோடு போய்விடும். இசைத்தட்டில் பதிகிற பெயர் அப்படியா? பண்ணையார்கள், மந்திரிகள், பல் டாக்டர்கள் எல்லாம் தவம் கிடக்கிற இடம் அது. அந்த இடத்தில் நான் இருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு மாமரம் உண்டு. தெரு பூராவும் வெயில் கொளுத்தும்போது அதன் அடியில் மட்டும் குளுகுளுவென்று இருக்கும். என் தொங்கு படுக்கை அங்கேதான். என் ஸ்பீக்கர் பெட்டி அங்கேதான். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் நான் படுக்கையில் சாய்வேன், பக்கத்து வீட்டுத் தொரிபியோ நாற்காலியோடு வருவார், குடைப் பாட்டு ஓடும். அந்த இடம் நெருங்கியதும் நான் கையை உயர்த்துவேன். எல்லோரும் கப்சிப். தெரு நாய்கள்கூட அந்த நேரத்தில் குரைக்காது. பழக்கியிருந்தேன்.

அந்த நிழல்மேல்தான் யோலிமா ஒரு கண் வைத்திருந்தாள்.

அவள் கரிமன்யோலா பொரித்து விற்பவள். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்து, உள்ளே கறி வைத்து, எண்ணெயில் போட்டு எடுக்கிற சமாசாரம். அவள் கையில் அது மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் வரும். ஆனால் அடுப்பு இருந்தது பின்கட்டில், சந்துச் சுவரை ஒட்டி. மேலே தகரம், எதிரே அடுப்பு, நடுவில் அவள். சாயங்காலம் உள்ளே வரும்போது முகம் செங்கல் மாதிரி இருக்கும். சந்து தெரிந்தவர்கள் மட்டும்தான் வந்து வாங்குவார்கள். வாசலிலோ பஸ் நிற்கும், பள்ளிக்கூடம் விடும், ஆற்றில் குளித்துவிட்டு ஜனங்கள் பசியோடு வருவார்கள். அத்தனை பேரும் என் தொங்கு படுக்கையைப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

“ஏங்க, அந்த நிழலை எனக்குக் குடுங்க. அடுப்பை அங்க போட்டுக்கறேன்.”

“எண்ணெய்ப் புகை ஸ்பீக்கருக்கு ஆகாது, யோலி.”

“எனக்கு ஆகுதா?”

“நீ ஸ்பீக்கர் இல்லையே.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து நடக்கிற பேச்சு இது. நான் எப்போதும் ஜெயித்துவிடுவேன். அதாவது, அவள் உள்ளே போய்விடுவாள்.

இப்படி இருக்கையில்தான் எவரிஸ்தோ அந்த அறிவிப்பைச் செய்தார். எவரிஸ்தோ எங்கள் பேட்டை ரேடியோவின் முதலாளி, அறிவிப்பாளர், மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர், எல்லாம் அவரே. சென்ற பத்தாண்டின் மறக்க முடியாத பத்துப் பாட்டுகளைப் பேட்டை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். வீட்டுக்கு ஒரு ஓட்டு. போனில் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை முடிவு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குடைப் பாட்டை முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று அப்போதே முடிவு செய்தேன். பட்டியல் போட உட்கார்ந்தேன். இசைக்கு இவ்வளவு, சொல்லுக்கு இவ்வளவு, கண்ணீருக்கு இவ்வளவு என்று மதிப்பெண் முறை வகுத்தேன். பெயருக்குத் தனி மதிப்பெண்.

யோலிமா கரண்டியோடு வந்து நின்றாள்.

“என்ன பண்றீங்க?”

“பாட்டுகளை வரிசைப்படுத்தறேன். பத்தாவது, ‘பாலத்துக்கு அந்தப் பக்கம் பாக்காதே’.”

“அது பத்தாவதா? எனக்கு அது ரெண்டாவது.”

“அதுல சுரமே ஒழுங்கா இல்லையே!”

“அந்தப் பாட்டு ஓடின மாசம்தான் நீங்க குழாய் ரிப்பேர் பண்றேன்னு சமையல்கட்டை ஆறாக்கினீங்க. இப்பவும் அதைக் கேட்டா எனக்கு முழங்கால் வரைக்கும் ஜில்லுங்குது. மறக்க முடியாத பாட்டுன்னா வேற என்னவாம்?”

“பாட்டுக்குத்தான் மதிப்பெண். குழாய்க்கு இல்ல.”

“சரி, ஏழாவது?”

“‘ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீர்’.”

“உங்க தங்கச்சி மூணு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்தாளே, அப்ப வந்த பாட்டு. அவ போறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்து, அதுவும் பழசாப் போச்சு.”

“என் தங்கச்சியை ஏன் இழுக்கற?”

“நான் இழுக்கல. பாட்டு இழுத்துட்டு வருது. நாலாவது எது?”

“‘முத்தம் கடனில்லை’.”

“அதுதான் நீங்க கூரைமேல ஏறி, இறங்கத் தெரியாம சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்த பாட்டு. தொரிபியோ அண்ணன் ஏணி கொண்டு வந்தாரு. நான் கீழேருந்து சோறு வீசினேன்.”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?”

“தெருவுக்கே ஞாபகம் இருக்கு. போய்க் கேளுங்க, அந்தப் பாட்டுக்கு நிறைய ஓட்டு விழும்.”

எனக்கு லேசாக வியர்த்தது. இவள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் பேட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் என்னுடைய ஏதோ ஒரு அவமானம் நிற்கிறது. பேச்சை மாற்றினேன்.

“குடைப் பாட்டு உனக்கு எத்தனாவது?”

“அந்தக் கன்னுக்குட்டியை வாங்கியிருந்தா...”

“முதல் இடம்னு எழுதிக்கறேன்.”

யோலிமா அடுப்புத் துணியை எடுத்தாள். கரண்டியை அதில் நிதானமாகத் துடைத்தாள். அவள் இப்படி நிதானமாகத் துடைப்பது நல்லதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் சிங்கமாக இருந்தேன்.

“அவ்வளவு நிச்சயமா?”

“நூத்துக்கு நூறு.”

“அப்ப ஒரு பந்தயம். முடிவு சொல்ற சனிக்கிழமை முதல் இடத்துப் பாட்டை ரேடியோவுல பாடறப்ப, நடுவுல யாருக்கு வணக்கம் வைக்கறாங்களோ அவங்களுக்கு இந்த மாமர நிழல். உங்க பேர் வந்தா நான் இனிமே அந்த நிழலைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். பின்கட்டுலயே வெந்து சாகறேன்.”

“என் பேர் வரலேன்னா?”

“அடுப்பு வாசலுக்கு வரும். தொங்கு படுக்கை பின்கட்டுக்குப் போகும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், கோபத்தில் அறிவு மழுங்கிவிட்டது. குடைப் பாட்டில் வருவது யார் பெயர்? என் பெயர். அதை முதலிடத்துக்குக் கொண்டுவருவது யார்? நான். இதில் அவள் எங்கே ஜெயிப்பது?

“தொரிபியோ!” என்று கத்தினேன். அவர் ஏற்கெனவே வாசலில்தான் இருந்தார். எங்கள் வீட்டில் எண்ணெய் காய்ந்தால் அவர் வீட்டுக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். “மச்சான், நீர்தான் சாட்சி.”

“கேட்டுட்டேன்,” என்றார் தொரிபியோ. “தங்கச்சி, சட்டியில என்ன?”

மறுநாளே ஓட்டு வேட்டைக்குக் கிளம்பினேன். கைவசம் இருந்தது மாட்டு மருந்துதான். நாய் வளர்ப்பவர்களுக்குப் பூச்சி மாத்திரை. கோழி வளர்ப்பவர்களுக்குச் சத்து மருந்து. ஒன்றும் வளர்க்காதவர்களுக்கு என் குடும்பக் கதை. அப்படியும் நிலைமை சுகமில்லை. மூலை வீட்டு விதவை ரொசால்பா கதவில் சாய்ந்துகொண்டு, “குடைப் பாட்டா? நல்ல பாட்டுதான். ஆனா நடுவுல யாரோ ஒருத்தன் பேரைக் கத்திக் கெடுத்துடறாங்க” என்றாள்.

“அந்த யாரோ ஒருத்தன் நான்தாம்மா.”

“ஐயோ, அப்படியா? நான் ‘முத்தம் கடனில்லை’க்குப் போடலாம்னு இருந்தேன். அதைக் கேட்டா ஏனோ சிரிப்பு சிரிப்பா வருது. கூரைமேல யாரோ உக்காந்திருக்கற மாதிரி.”

வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். யோலிமா தண்ணீர் கொடுத்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். ரொசால்பாவின் ஓட்டு போய்விட்டது, பேக்கரிக்காரர் பிடிகொடுக்கவில்லை, நம் சொந்தத் தொரிபியோவே ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீருக்குப் போடப் போவதாகக் கேள்வி என்று கொட்டித் தீர்த்தேன்.

“நான் வேணா கேட்டுப் பாக்கட்டா?”

“நீயா? நீ ஏன் எனக்காகக் கேக்கணும்? நான் ஜெயிச்சா உனக்கு நிழல் போச்சே!”

“நிழல் கிடக்குது. புருஷன் தோத்துட்டான்னு நாலு பேர் சொன்னா எனக்குத்தானே தலைகுனிவு?”

நிஜமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் வந்த பாசம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இந்த மனைவியையா வெயிலில் வேகவிட்டோம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. பந்தயம் பந்தயம்தானே.

அன்று முதல் யோலிமா தட்டு நிறைய கரிமன்யோலாவோடு வீடு வீடாகப் போனாள். “சூடா ஒண்ணு எடுத்துக்குங்க. அப்படியே குடைப் பாட்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க. அவர் ஆசைப்படறார், பாவம்.” அந்தப் ‘பாவம்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பலித்தது. ரொசால்பா விழுந்தாள். பேக்கரிக்காரர் விழுந்தார். எங்கள் சந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் எல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்கள். தொரிபியோ ஒவ்வொரு முறையும் புதிதாக மனம் மாறுவது போல நடித்து, தினமும் இரண்டு வாங்கித் தின்றார்.

முடிவு வரவேண்டிய வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டில், யோலிமா சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

“லிசாந்த்ரோவோட அண்ணன் மகனுக்கு சனிக்கிழமை இங்க ஞானஸ்நானமாம். கோஷ்டியோட வந்திருக்காராம்.”

“எந்த லிசாந்த்ரோ?”

“குடை லிசாந்த்ரோதான். என்ன இருந்து என்ன? அவ்வளவு பெரிய பாட்டுக்காரர் நம்ம மரத்தடிக்கெல்லாம் வருவாரா? அவருக்கு உங்களை ஞாபகம்கூட இருக்காது.”

“என்னது? ஞாபகம் இருக்காதா? என் பேரைத் தன் வாயால சொன்னவர்!”

“சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குமா? விடுங்க, ரேடியோவுல தட்டைப் போடட்டும். அதுவே போதும்.”

“போதாது!” என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். “முதல் இடத்துப் பாட்டை அவரே நேர்ல வந்து, இந்த மாமரத்தடியில பாடணும். ரேடியோவுல நேரடியா போகணும். ஊரே கேக்கணும்!”

“உங்களால முடியாதுங்க.”

அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உட்கார்ந்து சாப்பாட்டை முடித்திருப்பேன்.

மறுநாள் எவரிஸ்தோவைப் பிடித்தேன். நேரடி ஒலிபரப்பு என்றதும் அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு லிசாந்த்ரோவை அவருடைய அண்ணன் வீட்டில் போய்ப் பார்த்தேன். மனிதர் பெரிய தொப்பை, பெரிய தொப்பி, பெரிய சிரிப்பு.

“ஐயா, நான் அனிபால் மிந்தியோலா.”

“சந்தோஷம்.”

“மாட்டு வைத்தியச் சிங்கம்.”

“அப்படியா, நல்ல தொழில்.”

“காளை... வயிறு உப்பின காளை...”

“ஓ, காளை!” என்று அவர் முகம் மலர்ந்தது. “அந்தக் காளை இன்னும் இருக்கு, தெரியுமா? என்ன ஆரோக்கியம்!” என்னைவிட அந்தக் காளையை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பரவாயில்லை, காளையும் என்னால் வந்ததுதானே. விஷயத்தைச் சொன்னேன். யோசித்தார். தொப்பையைத் தடவினார்.

“ஞானஸ்நானம் முடிஞ்சு வரலாம். சாப்பாடு எப்படி?”

“அதெல்லாம் என் மனைவி பாத்துக்குவா,” என்றேன் நான்.

இந்த ஒரு வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. கோஷ்டி உட்கார இடம் வேண்டும் என்று யோலிமா சொன்னாள். சரி என்று நானே தொங்கு படுக்கையைக் கழற்றினேன். வந்தவர்களுக்குச் சூடாகப் போட வேண்டும், பின்கட்டிலிருந்து ஓடிவந்தால் ஆறிவிடும் என்றாள். நியாயம்தான். நானும் தொரிபியோவும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்தோம். மேஜையை வைத்தேன். தட்டு வைக்க ஒரு பலகை அடித்தேன். அடுப்பு ஆடாமல் இருக்க அடியில் செங்கல் கொடுத்துச் சிமெண்டுகூடப் பூசினேன்.

“சிமெண்டு எதுக்குங்க? ஒரு நாளைக்குத்தானே?”

“செய்யறதைத் திருந்தச் செய்யணும், யோலி.”

“அதுவும் சரிதான்,” என்றாள். அவள் குரலில் ஒரு கனிவு இருந்தது. என் உழைப்பைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

நாலு மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. எவரிஸ்தோ ஒலிவாங்கியை மாங்கிளையில் கட்டித் தொங்கவிட்டார். லிசாந்த்ரோ கோஷ்டியோடு வந்து இறங்கினார். அக்கார்டியன்காரர், கொட்டுக்காரர், குச்சியால் சுரண்டித் தாளம் போடுகிற கட்டைக்காரர், அத்தனை பேரும் ஞானஸ்நான விருந்தில் பாடிப் பாடிப் பசித்துப் போயிருந்தார்கள். யோலிமா தட்டை நீட்டினாள். லிசாந்த்ரோ ஒன்று கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று எடுத்தார். அப்புறம் தட்டையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது யார் கை?”

“என் கைதாங்க. யோலிமா.”

“எங்கேம்மா கடை?”

“பின்னாடி சந்துல போட்டிருக்கேன். இந்த நிழல்ல போடணும்னு ஆசை. பாப்போம்.”

நான் அப்போது அவருக்கு ஐஸ் போட்டுக் குளிர்ந்த பீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் என் மனம் இரண்டாவது சரணத்தின் முடிவில் இருந்தது.

எவரிஸ்தோ பத்திலிருந்து ஆரம்பித்தார். பாலம் வந்தது, தெருவில் யாரோ “குழாய்!” என்றார்கள். நாலாவதாக ‘முத்தம் கடனில்லை’ வந்தபோது ஜனங்கள் ஏனோ என் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது இடம் ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீர். அப்போதே நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். மிச்சம் இருப்பது எது? எவரிஸ்தோ இழுத்தார். விளம்பரம் ஒன்று சொன்னார். மறுபடி இழுத்தார்.

“சென்ற பத்தாண்டின் மறக்க முடியாத முதல் பாட்டு... ‘நீ மறந்துபோன குடை’!”

தெரு அதிர்ந்தது. தொரிபியோ என்னைத் தூக்க முயன்று கைவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யோலிமாவைப் பார்த்தேன். அவளும் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து சிரித்தபடி கைதட்டினாள். தோற்றவள் இப்படிச் சிரிக்கிறாளே, என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். தகரத்தடியில் அவளுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றுகூட முடிவு செய்தேன்.

அக்கார்டியன் விரிந்தது. லிசாந்த்ரோ பாடினார். காதலி போனாள். குடை தங்கியது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணம் முடியும் நேரம். நான் ஒரு நாற்காலியில் ஏறி நின்று கையை உயர்த்தினேன். தெரு மொத்தமும் கப்சிப். நாய்கள் கப்சிப். எண்ணெய் மட்டும் சடசடத்தது. அக்கார்டியன் மூச்சு வாங்கியது. லிசாந்த்ரோ ஒலிவாங்கியை எட்டி, உதட்டோரத்தை நாக்கால் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தினார்.

“யோலிமா! மாமரத்தடி யோலிமா! வயேதுபாரின் கரிமன்யோலா மகாராணி! நாளைச் சாயங்காலத்திலேருந்து இதே நிழல்ல!”

தெரு ஆர்ப்பரித்தது. என் கை உயர்த்தியது உயர்த்தியபடியே நின்றது. என்னை யாரோ மொழியே தெரியாத ஊரில் இறக்கிவிட்டது போல இருந்தது. லிசாந்த்ரோ நல்ல மனிதர். நான் நாற்காலியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று இன்னொன்றும் சேர்த்தார்.

“அவங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வணக்கம்!”

பாட்டு முடியும்வரை நான் இறங்கவில்லை. முடிந்ததும் அடுப்பை நோக்கிப் பாய்ந்தேன்.

“இது செல்லாது! தட்டுல இருக்கறது என் பேர்!”

“தட்டுலயா?” என்று யோலிமா கையிலிருந்த தட்டைத் திருப்பிப் பார்த்தாள். “பந்தயம் என்ன, சொல்லுங்க? சனிக்கிழமை ரேடியோவுல முதல் பாட்டைப் பாடறப்ப யாருக்கு வணக்கம் வைக்கறாங்களோ அவங்களுக்கு நிழல். இன்னிக்கு என்ன கிழமை?”

“சனி.”

“ரேடியோவுல போச்சா?”

“போச்சு.”

“யாருக்கு வணக்கம் வெச்சாரு?”

“அது... விருந்துல பாடினா கறி போட்டவங்க பேரைத்தானே சொல்வாங்க! அது ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே!”

“ஆமா, ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?”

“தட்டைப் போட்டிருந்தா...”

“தட்டே போதும்னுதானே நான் சொன்னேன்? நீங்கதான் எழுந்து நின்னு, நேர்ல வந்து பாடணும்னு குதிச்சீங்க.”

நான் தொரிபியோ பக்கம் திரும்பினேன். “மச்சான், நீர்தான் சாட்சி. சொல்லும்!”

தொரிபியோவின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். யோலிமா பக்கம்தான் ஆட்டினார்.

“அடுப்பை உள்ள தூக்கறேன்,” என்றேன் கடைசி முயற்சியாக. குனிந்து இழுத்தேன். அசையவில்லை. சிமெண்டு நன்றாகப் பிடித்திருந்தது. செய்வதைத் திருந்தச் செய்கிறவன் நான்.

யோலிமா என் பக்கத்தில் வந்து நின்றாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள். இலையெல்லாம் அசைந்து அவள் முகத்தில் காற்று அடித்தது. “எவ்வளவு ஜில்லுனு இருக்கு பாத்தீங்களா?” என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள். அவள் முகம் அன்றைக்குச் செங்கல் மாதிரி இல்லை. எனக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளிலிருந்து வாசலில் நிற்க இடமில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள், ஆற்றிலிருந்து ஈரத்தலையோடு வருகிறவர்கள், எல்லோரும் அங்கேதான். தொங்கு படுக்கை பின்கட்டில், புகை பிடித்துக் கறுத்த சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் தொங்குகிறது. நான் அதில் தொங்குகிறேன். மின்விசிறி வாங்க வேண்டும் என்று நினைத்தேனே, வாங்கிவிட்டேன். எனக்கு.

எவரிஸ்தோ அன்றைய நேரடிப் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த முதலிடம் என்று தினமும் சாயங்காலம் அதைத்தான் போடுகிறார். பழைய தட்டை இப்போது யாரும் கேட்பதில்லை. ரொசால்பாகூட இதுதான் நன்றாக இருக்கிறது, நடுவில் யாரும் கெடுக்கவில்லை என்கிறாள். இரண்டாவது சரணம் முடியும் நேரம் யோலிமா வாசலில் கரண்டியை உயர்த்துவாள். கூட்டம் கப்சிப்.

பின்கட்டில் நானும் படுக்கையிலிருந்து எழுந்து கையை உயர்த்துகிறேன். நாய்கள் வாயை மூடிக்கொள்கின்றன. ரேடியோவில் மகாராணி என்ற வார்த்தை போகிறது, நிழல் என்ற வார்த்தை போகிறது, அப்புறம் வருகிறது, “அவங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வணக்கம்!”

அது நான்.